பெட்டியடியில் ஒரு கோடிச்சேலை

தாலி பாக்கியமாம். வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் கருத்தம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் அதையேதான் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முக்கால் மணி நேரம் நெஞ்சை அமுக்கிய டாக்டருக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

2006இல் நடந்தது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். கணவர் சந்தனம் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஒரு மத்தியானம் தேய்ப்பு மேஜையிலேயே சரிந்தார். கம்பெனி வேனில் தூக்கிப் போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தியதும் இதயம் நின்றுவிட்டது. அமுக்கினார்கள், ஷாக் கொடுத்தார்கள், மறுபடி அமுக்கினார்கள். கதவோரம் நின்ற கருத்தம்மாவுக்கு அந்த உடம்பு தூக்கிப் போடுவதைப் பார்க்க முடியவில்லை. ஏழாவது ஷாக்கில் உள்ளே ஓடி டாக்டரின் கையைப் பிடித்துவிட்டாள்.

"போதும் சார், விட்ருங்க. உசுரு போன உடம்ப ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?"

"இன்னுங் கொஞ்சம் பாக்கலாங்கம்மா," என்றார் டாக்டர்.

நர்ஸ் அவளை வெளியே கொண்டுவந்து விட்டாள். அவள் நேரே காயின் போனுக்குப் போய், ஊரிலிருந்த அண்ணன் பாண்டித்துரையிடம், "அவரு போயிட்டாருண்ணே," என்று கதறினாள்.

அவர் போகவில்லை. பத்தாவது ஷாக்கில் திரும்பி வந்தார். அதைச் சொல்வதற்குள் அண்ணன் பஸ் ஏறிவிட்டார். அழுதபடி வந்து இறங்கியவர் கையில், புருசனை இழந்தவளுக்குப் பிறந்த வீடு போடும் கோடிச்சேலை. திருப்பிக் கொண்டுபோகவும் ஆகாது, யாருக்கும் கொடுக்கவும் ஆகாது. கருத்தம்மா அதைத் தகரப்பெட்டியின் அடியில் போட்டு வைத்தாள்.

சந்தனத்துக்கு அதன்பிறகு பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். வேலை போயிற்று. ஆனால் வருவோர் போவோரிடமெல்லாம், "இவ என்னைய விடல. அதான் வந்தேன்," என்பார். அதைக் கேட்டு அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முன்னால், மருந்துச் சீட்டைத் தேடியவர் கையில் சேலை அகப்பட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"ஏ புள்ள, புதுச்சேலைய ஒளிச்சா வச்சிருக்க? கட்டிட்டு வா, பாப்போம்."

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டரின் கையைப் பிடித்ததை, அண்ணனுக்குப் போன் போட்டதை. "நான் விட்டுட்டேங்க. நாந்தான் விட்டுட்டேன்."

சந்தனம் அயர்ன் மாஸ்டர் அல்லவா, சேலையைச் சுருக்கமில்லாமல் நீவி மடித்து அவரே பெட்டியடியில் வைத்தாராம்.

"இருக்கட்டும். மச்சான் இன்னொரு தடவ அலைய வேணாம்."

பொங்கல் வரைகூட அது பெட்டியில் இருக்கவில்லை.