தறித் துணியில் போட்ட கட்டு

ராஜபாளையத்தில் எங்கள் தறி ஷெட்டில் நெய்தது பேண்டேஜ் துணி மட்டும்தான். வேட்டி, துண்டு என்று யாராவது கேட்டு வந்தால், "ரத்தம் வந்தா வாங்க" என்று என் வீட்டுக்காரர் சிரித்து அனுப்பிவிடுவார். அவருக்கு எல்லாமே சிரிப்புதான். சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோதும் சிரித்தார். தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி என்று ஆனபோதும் சிரித்தார். அவர் பங்குக் கவலையையும் சேர்த்து நான்தான் பட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், உடம்புக் கனம் குறையாமல் சர்க்கரை அடங்காது என்று சொல்லி, சென்னையில் அவருக்கு இரைப்பையைச் சுருக்கித் தையல் போடும் ஆபரேஷன் செய்தார்கள். எங்கள் பக்கம் அப்படி ஒன்றை யாரும் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. "பசிக்காம இருக்கதுக்கா வயித்தை அறுத்தாக?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. வீடு திரும்பியதும் முதலில் கஞ்சித் தண்ணீர், அப்புறம் மசித்த சோறு, அப்புறம் ஒரே ஒரு இட்லியை மென்றுகொண்டே இருப்பது. ஒரு வாய் கூடினால் வாந்தி. சாப்பாடு குறைந்த அளவுக்கு ஊசி மருந்தையும் குறைக்க வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆள் மயங்கிவிடுவார். காலையில் சிறுநீரை மருந்துத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சி நிறம் பார்ப்பேன். செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை ஏறிவிட்டதென்று ஒரு பயம், நீலமாகவே நின்றால் ரொம்ப இறங்கிவிட்டதோ என்று வேறொரு பயம். பயமில்லாத நிறம் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

எடைதான் இறங்குவேனா என்றது. நூல் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பார். ஒரு மாதம் கொஞ்சம் இறங்கும். அடுத்த மாதம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்குப் பார்த்துவந்த டாக்டர், "மெதுவா இறங்கினா என்னம்மா? ஊசி மருந்து பாதியாக் கொறைஞ்சிருக்கே, அதைப் பாருங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். எனக்கும் போன உயிரில் பாதி திரும்பி வரும்.

ஆனால் உலைமூடி போட்டு ஊர்வாயை மூட முடியுமா? ஒரு கல்யாணப் பந்தியில் அவருடைய அக்கா எல்லார் முன்னாலும் கேட்டார். "ஏலே, மெட்ராஸ் வரைக்கும் போயி வயித்தை அறுத்துட்டு வந்து இம்புட்டுதானாக்கும் கொறைஞ்சிருக்கு? மலையைக் கெல்லி எலியைப் புடிச்ச கதையால்ல இருக்கு!" பந்தியே சிரித்தது. இவரும் சிரித்தார். எனக்கு இலையைத் தூக்கி அக்கா தலையில் கவிழ்க்கலாம்போல வந்தது.

மறுநாள் புதிதாகக் கான்வாஸ் ஷூ வாங்கிவந்தார். டாக்டர் சொன்னது கொஞ்ச தூர நடை. இவர் அய்யனார் கோயில் ரோட்டில் தோப்புகளைத் தாண்டி, வேர்த்து ஊற்றுகிறவரைக்கும் போய்விட்டு வருவார். "சாக்ஸ் போடுங்க" என்றால், "நடக்கது நானா, சாக்ஸாட்டி?" என்பார். இரண்டு வாரத்தில் இடது கால் சுண்டுவிரலில் ஒரு கட்டு இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது.

"ஷூ கடிச்சிருச்சு, அம்புட்டுதான். வலியே இல்லை."

வலி இல்லை என்றதும்தான் நான் "கிளம்புங்க" என்றேன். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப்போகும், வலி வந்து எச்சரிக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்கே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். வழியெல்லாம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கட்டு என்னவோ அழகாகத்தான் இருந்தது. தறியில் கை வெட்டுப்பட்டால் நெய்கிற துணியிலேயே ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பதுதான் எங்கள் ஷெட்டு வழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி, அதைவிடச் சுத்தமாக வேறென்ன இருக்கப்போகிறது? துணியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

டாக்டர் தண்ணீர் விட்டு ஊறவைத்த பிறகுதான் அதைப் பிரிக்க முடிந்தது. "இது எங்க வாங்கின துணி?"

"வாங்கறதா? நம்ம தறித் துணி டாக்டர்!" இவருக்குக் குரலில் பெருமை.

"வெளுத்ததா?"

இவர் குனிந்து காலைப் பார்த்தார். தறியிலிருந்து அப்படியே கிழித்த துணி. நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத்தான் நெய்வோம். அந்தக் கஞ்சி போக அலசி, வெளுத்து, ஆவியில் வைத்துக் கிருமி போக்கிய பிறகுதான் அது புண்ணில் கட்டுகிற துணி. வாராவாரம் லோடு லோடாக வெளுப்புக்கு அனுப்புகிற எங்களுக்கு இது தெரியாதா? தெரியும். தினம் தொட்டுத் தொட்டு அழுக்கே கண்ணில் படாமல் போயிருந்தது. புண்ணின் ஈரத்தில் கஞ்சி புளித்து, துணியும் சதையும் ஒட்டிப்போயிருந்தன.

டாக்டர் பாதத்தில் ஊசி முனையால் தொட்டுக்கொண்டே வந்தார். "தெரியுதா?" "இல்லை." "இங்க?" "இல்லை." கணுக்கால் வந்த பிறகுதான் இவர் "ம்" என்றார்.

அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சுண்டுவிரலை எடுத்தார்கள். "இதோட நின்னுருமா டாக்டர்?" என்று கேட்டேன். "பாத்துத்தாம்மா சொல்லணும். மேல ஏறுச்சுன்னா பாதம் போகும்" என்றார். காலில் சிவப்பு எதுவரை இருந்ததோ அந்த எல்லையில் பேனாவால் ஒரு கோடு போட்டார். புண்ணால் சர்க்கரை ஏறி, ஊசி மருந்து பழைய அளவுக்கே போய்விட்டது. எத்தனையோ மாதம் பட்ட பாடெல்லாம் ஆற்றில் கரைத்த புளி. நான் அந்தக் கோட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாமி பெயரெல்லாம் சொல்லிப் பார்த்தேன், அக்காவைத் திட்டினேன், தறியைத் திட்டினேன். சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டதுபோல நாள் முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

தாண்டவில்லை. ஒரு காலையில் கட்டைப் பிரித்த டாக்டர், "நின்னுருச்சும்மா, பாதம் தப்பிச்சது" என்றார். நான் கும்பிட்டேன்.

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் இவர் ஆரம்பித்தார். "ஏட்டி, இப்பத் தராசுல ஏறினா அந்த விரல் எடையாவது கொறைஞ்சிருக்கும்லா? அக்காட்டச் சொல்லிரு."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். நான் அவர் தோளில் ஓங்கி அடித்தேன். நிறுத்த முடியாமல் அடித்தேன், அழுதுகொண்டே அடித்தேன். அவர் தடுக்கவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அந்த நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பயமா இருக்குட்டி" என்றார்.