மாமனாரின் குரலுக்கு ஒரு பேக்கப்

என் மாமனார் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் படுக்கையில் இருந்த மாதங்களில் என் மனைவி தன் செல்போனில் அவர் பேச்சைப் பதிவு செய்து வைத்திருந்தாள். மொத்தம் பதினொரு பதிவுகள். பெரிதாக ஒன்றுமில்லை. காட்டெருமை வாசலை மறித்து நின்றதால் ஃபேக்டரிக்கு லீவு போட்ட கதை, மருந்தின் கசப்பு, நடுநடுவே “சாப்டியா கண்ணு” என்ற கேள்வி. போன் பழசானதும் அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டாள். வேறெங்கும் பிரதி கிடையாது.

“கம்ப்யூட்டருக்கு ஏதாச்சும் ஆயிட்டா அப்பா குரலே போயிருமுங்க. தானா பேக்கப் எடுக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு பாத்துப் போடுங்க” என்றாள். அவள் குன்னூர்க்காரி. உலகத்தை நம்புகிறவள்.

நான் அப்படியில்லை. எங்கள் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து கூடலூருக்கு வந்தது. யாரோ நீட்டிய காகிதத்தில் என்னவென்று தெரியாமல் கைநாட்டு வைத்ததால்தான் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டி வந்தது என்று என் அப்பா கடைசிவரை புலம்பினார். அதனால் எங்கள் வீட்டுக் காகிதம் எதுவும் வெளியாள் கைக்குப் போகாது. ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கப் போனால்கூட மெஷின் பக்கத்திலேயே நிற்பேன். சரியாக விழாத தாளையும் கேட்டு வாங்கி வந்துவிடுவேன்.

முதலில் பார்த்த சாஃப்ட்வேர் இலவசம். சும்மா கொடுக்கிறவன் எதற்காகக் கொடுக்கிறான்? மூடிவிட்டேன். இரண்டாவது எல்லாவற்றையும் கிளவுடில் வைக்குமாம். மேகம் வீட்டுக்குள் புகுந்தால் பீரோவெல்லாம் பூஞ்சை பிடிக்கிற ஊரில் இருந்துகொண்டு அந்தப் பெயரையே என்னால் நம்ப முடியவில்லை. மூன்றாவது, தினமும் மதியம் ஒரு மணிக்குத் தனி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வைக்கும். அதன் நிபந்தனைகளை நான் வேலை பார்க்கும் எஸ்டேட் ஆபீஸில் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். பாதி புரியவில்லை. புரியாத பாதியில்தான் வில்லங்கம் இருக்கும் என்று தோன்றியது. ஆனாலும் மூன்றில் அதுதான் தேவலை.

எதையெல்லாம் நகலெடுக்க வேண்டும் என்று கேட்டது. கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகைகள், பொங்கல் வாழ்த்துப் படங்கள் எல்லாவற்றுக்கும் டிக் அடித்தேன். மாமனாரின் ஃபோல்டருக்கு மட்டும் அடிக்கவில்லை. குரலை வைத்தே ஏமாற்றுகிறார்கள் என்று தினமும் செய்தி வருகிறது. இறந்துபோன மனிதரின் பேச்சை இந்த சாஃப்ட்வேர் வழியாக எவனோ உட்கார்ந்து கேட்பதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வந்தது. எஸ்டேட்டில் புது ஆளை முதலில் டெம்பரரியாகத்தான் வைப்போம், ஸ்டோர் சாவியை எடுத்தவுடன் கொடுக்க மாட்டோம். இதையும் ஒரு மாதம் பார்த்துவிட்டு அந்த ஃபோல்டரை ஒப்படைக்கலாம் என்று முடிவு செய்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

தினமும் மதியம் திரையில் பச்சை டிக் வந்தது. அதைப் பார்த்து அவள் நிம்மதியானாள். ஒரு மாதம் முடியும்போது சாஃப்ட்வேர் என்னைக் கேட்காமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. கேட்காமல் மாறுகிற ஒன்றை எப்படி நிரந்தரமாக்குவது? டெம்பரரியை நீட்டித்தேன். இப்படியே நான்கு மாதம் ஓடியது.

ஜூலை மழையில் ஒருநாள் கம்ப்யூட்டர் உயிர்பெறவில்லை. ஈரத்தில் டிஸ்க் போய்விட்டது, எதையும் மீட்க முடியாது என்றார் குன்னூர்க் கடைக்காரர். அவர் மேலும் சந்தேகம் வந்து ஊட்டிக்கும் கோயம்புத்தூருக்கும் கொண்டுபோனேன். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்.

புது டிஸ்க் போட்டு பேக்கப்பை இணைத்தேன். ஒன்றுகூடக் குறையாமல் எல்லாம் திரும்பி வந்தன. நான் ஒப்படைத்ததை அது ஒழுங்காகத்தான் காப்பாற்றியிருந்தது. என் மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா ஃபோல்டரைத் திறக்கச் சொன்னாள்.

நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திரையில் வரிசையாக நின்ற பொங்கல் வாழ்த்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆரும் கேட்டறக் கூடாதுன்னு வெச்சீங்க” என்றாள். “இனி நானும் கேக்க முடியாதுங்களே.”