இருபத்தைந்து லிட்டர்

பாலிடெக்னிக்கில் சிவில் முடித்த கையோடு, கட்டட மேஸ்திரியான அப்பாவுக்கு நான் போட்டுக் கொடுத்த முதல் கொட்டேஷன் திண்டிவனத்தில் ஒரு வீட்டுக்கு. அதுவரை அப்பா எதையும் எழுதியதில்லை. சதுரத்துக்கு இவ்வளவு என்று வாயால் சொல்வார். டீசல், வேன் வாடகை, டீச்செலவு எல்லாம் அந்த ஒரு தொகைக்குள் அடங்கிவிடும். நான் பிரித்து எழுதினேன்: சிமெண்ட், கம்பி, செங்கல், மணல், ஜல்லி, கூலி. விழுப்புரத்தில் கம்ப்யூட்டரில் டைப் அடித்து, கவரில் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான்.

பாதி வேலையில்தான் உறைத்தது, எரிபொருளை எழுதவே இல்லை. முகையூர்ப் பக்கத்து ஆட்கள் தினமும் வேனில் வந்தார்கள். கலவை மெஷின் டீசலில் ஓடியது. மின்வெட்டுக் காலம் என்பதால் தண்ணீர் மோட்டாருக்கு ஜெனரேட்டர் வேறு. அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டதும் வீட்டுக்காரர் காகிதத்தை நீட்டினார்.

"இதுல டீசல் எங்க இருக்குது மேஸ்திரி? உம்புள்ள இன்ஜினியரு போட்டது. கம்ப்யூட்டர்ல அடிச்சதுக்கு மேல நான் இன்னா பேசறது?"

அப்பா சிரித்துவைத்தார்.

கூரைக்குக் கான்கிரீட் போடும் நாள் வந்தது. நாற்பது லிட்டர் டீசல் வாங்கிவரச் சொன்னார். நான் விட்ட செலவை நானே எங்காவது பிடிக்க வேண்டும் என்றிருந்தது. மெஷினுக்கு இருபத்தைந்து போதும் என்று கணக்குப் போட்டேன். அதை மட்டும் வாங்கி, மிச்சப் பணத்தை வாடகை பாக்கிக்கு வேன்காரரிடம் கொடுத்துவிட்டேன். "நாப்பதும் வாங்கியாச்சுப்பா" என்றேன்.

மெஷினுக்குக் கற்பூரம் காட்டினார்கள். அதை ஓட்டுபவர் அப்பாவோடு பல வருடமாக இருப்பவர். பதினெட்டு ஆட்களையும் முகையூரிலிருந்து திரட்டி வருபவரும் அவர்தான். "தம்பி, மெஷினுக்குப் படையல் போட்டாச்சு. வீட்டுக்காரரு போடற பிரியாணில எனக்கு லெக் பீஸு வெக்கச் சொல்லு" என்றார்.

அன்று கரண்டு வரவே இல்லை. ஜெனரேட்டரும் அதே கேனிலிருந்துதான் குடித்தது. பாதிக் கூரையில் மெஷின் நின்றது. நிறுத்திய இடத்தில் கான்கிரீட் காய்ந்துவிட்டால் புதிது ஒட்டாது, மழைக்கு ஒழுகும். அப்பாவே மொபெட்டில் பெட்ரோல் பங்க்குக்கு ஓடினார். திரும்ப முக்கால் மணி ஆனது.

"டீசல் ஊத்தக்கூட வக்கில்லாம எதுக்குய்யா கான்ட்ராக்ட்டு?" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

அப்பா கேனை இறக்கிவிட்டு நேரே மெஷின்காரரிடம் போனார். "நாப்பது லிட்டரு எங்கய்யா போச்சு? எவங்கிட்ட வித்த?"

விளையாட்டு என்று நினைத்து அவர் சிரித்தார். "இன்னா மேஸ்திரி, வெயிலு ஏறிப்போச்சா?" அப்பா சிரிக்கவில்லை என்றதும் மெஷின்காரர் சொன்னார்: "கேன்ல இருந்ததே அவ்ளோதான். தம்பி தான வாங்கியாந்திச்சு, கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாப்பது இருந்திச்சு" என்றேன்.

மெஷின்காரர் மெஷினில் டீசல் ஊற்றி, கூரையைக் கடைசிச் சட்டி வரை போட்டு முடித்தார். பிறகு கைகால் கழுவி வேனில் ஏறினார். பின்னாலேயே பதினெட்டுப் பேரும் ஏறினார்கள். பிரியாணி அண்டா மூடி திறக்காமல் கிடந்தது.

மறுநாள் வேன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள், பலகையில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும். உம்புள்ள காலைல இருபத்தஞ்சு தான வாங்கிக்கினு போச்சுன்னு பங்க்லயே சொன்னான்."

"அப்புறம் ஏம்பா அவர..."

"வீட்டுக்காரன் நின்னுக்கினு இருந்தான். ஏற்கெனவே உன் காயிதத்த வெச்சிக்கினு ஆட்டறான். இதுவும் நீதான்னு அவன் எதிர்ல எப்புடிடா சொல்றது?"

நான் மட்டும் முகையூருக்கு பஸ் ஏறினேன். மெஷின்காரர் வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டார். சொல்லி முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இத அங்க சொல்லியிருக்கணும் தம்பி, அத்தினி பேரு எதிர்ல. எங்கிட்ட வந்து இன்னாத்துக்குச் சொல்ற? நான் திருடலன்னு எனக்குத் தெரியாதா?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பாவுக்கு அதன் பிறகு முகையூரிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை.