ப்ளோயர் மோட்டாரும் பகல் தூக்கமும்

ஏசிக்கு கிரீஸ் தடவுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அப்படி ஒருவரோடு இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிறேன்.

என் கணவர் திருவொற்றியூர் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர். அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாருக்கும் கடல்தான் தொழில். இவர் மட்டும் கரையோடு நின்று, துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் ட்ரெய்லர் ஓட்டுகிறார். போட்டை விட்டாரே தவிர போட்டுக்காரர் புத்தியை விடவில்லை. எங்கள் பக்கத்து உப்புக்காற்று இரும்பை நிம்மதியாக இருக்க விடாது. அதனால் இரும்பு என்று கண்ணில் பட்டால் போதும், கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். கேட்டுக் கீல், தண்ணி மோட்டார், என் தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் அண்ணனின் போட் இஞ்சினுக்குப் போடுகிற அதே கிரீஸ்தான். போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மீன் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, படுக்கையறை ஏசியின் மூடியைக் கழற்றி உள்ளேயும் வழித்து அப்பிவிட்டார்.

"கம்பியெல்லாம் துரு ஏறிகினு கீதும்மே. இனிமே பத்து வருசத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் காலையில் துடைத்த மேஜை, ட்ரெய்லர் புகையில் மத்தியானத்துக்குள் கறுத்துவிடும். அந்தக் கரித்தூள் அத்தனையும் கிரீஸில் போய் ஒட்டிக்கொண்டது. காற்றைத் தள்ளுவதற்கு உள்ளே நீள உருளையாக ஒரு ப்ளோயர் இருக்கும். அது கனத்துப்போய், அதைச் சுற்றும் மோட்டார் ஒரு மத்தியானம் கருகல் நாற்றத்தோடு நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்த மெக்கானிக் கையை நியூஸ்பேப்பரில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னாக்கா, இது ஏசியா, ஃபைபர் போட்டா?" என் கணவர் அந்த நேரத்தில் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவருக்கு ராத்திரி ஓட்டம். சாயங்காலம் போனால் விடிந்துதான் வருவார். பகலில் தூங்கினால்தான் உண்டு. அதற்கு முந்தைய மார்கழியில் ஒரு விடியற்காலை, எண்ணூர் சாலையில் ஓட்டிக்கொண்டே கண் அசந்துவிட்டார். வண்டி நடுச்சுவரில் உரசிய சத்தத்தில்தான் முழிப்பு வந்ததாம். முன்னால் ஒரு டூவீலரில் புருஷன், பெண்டாட்டி, நடுவில் குழந்தை. அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள். இதை அவர் என்னிடம் சொன்னது ஒரு வாரம் கழித்து, சோற்றில் மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டே. அன்றிலிருந்து அவர் தூங்குகிறாரா என்று எட்டிப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ட்ரெய்லர் ஹாரனும் பக்கத்து லேத் பட்டறையும் தொழிற்சாலை கேஸ் நாற்றமும் சேர்ந்து உள்ளே வரும். மூடினால் மொட்டை மாடிச் சூடு ஆளை அவித்துவிடும். ஆக, அந்தப் பழைய ஏசி எங்களுக்கு ஆடம்பரம் இல்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். "அந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றதில்ல மேடம், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்க" என்று ஒரு பெண் உற்சாகமாகச் சொன்னாள். அப்போதுதான் மகனைக் காலேஜில் சேர்த்து, கையிருப்பைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். நான் டீச்சர். பள்ளி விடுமுறை. கருகிய மோட்டாரை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

டோல்கேட் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு கடையில் "இதேதான்க்கா" என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மாட்டிப் பார்த்தால் அச்சு ஒரு விரல் குட்டை. திருப்பிக் கொண்டுபோனேன். எலக்ட்ரிக் சாமானைத் திருப்பி எடுக்கவே மாட்டேன் என்ற கடைக்காரர், நான் கடை வாசலிலேயே நின்று வருகிற போகிறவர்களிடம் கதை சொல்ல ஆரம்பித்ததும் வாங்கிக்கொண்டார். தண்டையார்பேட்டையில் நாலைந்து கடை ஏறி இறங்கினேன். அச்சு சரியாக இருந்தால் ஒயர் முனை பொருந்தாது, முனை பொருந்தினால் எதிர்ப்பக்கம் சுற்றும். வெயிலில் காது அடைத்தது. ஒரு லோடு வண்டி நிழலில் நின்று மோர் குடித்தபோது அழுகை வந்தது. மோட்டாருக்காக அழுகிற முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் அவர் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு டேபிள் ஃபேனுக்கு முன்னால் படுத்துப் புரண்டார். சாயங்காலம் கண் சிவந்து எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு போனார். போகாதே என்று வாய்வரை வரும். சொன்னால் ட்ரிப் வேறு ஆளுக்குப் போய்விடும். "பாத்து ஓட்டு" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

கடைசியில் மூலக்கொத்தளம் பக்கம், பழைய ஏசிகளை வாங்கிப் பிரித்து விற்கும் பாய் ஒருவரின் குடோனில் கிடைத்தது. நான் நீட்டிய கருகல் மோட்டாரைப் பார்த்துவிட்டு, "இன்னாமா இத்த இப்டி பேஜார் பண்ணி வெச்சிகீறீங்க?" என்றார். அடுக்கியிருந்த யூனிட்டுகளைத் தள்ளித் தள்ளி, எங்கள் மாடலையே இழுத்துப்போட்டு மோட்டாரைக் கழற்றித் தந்தார். "ஆபீஸ் ரூம்ல இருந்தது. எடுத்துகினு போமா, சத்தமே வராது, பூ மாதிரி ஓடும்."

மெக்கானிக் வந்து சோப்புத் தண்ணியில் கிரீஸையெல்லாம் கழுவி, மோட்டாரை மாட்டினார். பாய் சொன்ன மாதிரியே ஓடியது. ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கணவரைப் படுக்கச் சொல்லிவிட்டு, அப்பாடா என்று அடுப்படிக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், அறை ஜில்லென்று இருக்கிறது, மனுஷர் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார்.

"இன்னா ஆச்சு?"

"லேத்துகாரன் இரும்பு அறுக்கறது கேக்குதும்மே. ஹாரன் கேக்குது. பழசு கடகடன்னு கத்திகினே இருக்கும், வெளிய ஒண்ணியும் தெரியாது."

இத்தனை வருஷம் அவரைத் தூங்கவைத்தது குளிர் இல்லை, அந்த ஓட்டை மோட்டாரின் சத்தம்.

எனக்கு வந்ததே கோபம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். "யோவ், உனக்கு இன்னா தலையெழுத்து, ஏசிக்கு எவனாவது கிரீஸ் தடவுவானா?" என்று ஆரம்பித்து, டோல்கேட், தண்டையார்பேட்டை, வெயில், கால் வலி, அவர் அண்ணன், அந்த கிரீஸ் டப்பா என்று ஒன்று விடாமல் திட்டினேன். மூச்சு வாங்க நிறுத்தினால், குறட்டை கேட்டது.

சத்தம் போடாமல் எழுந்தேன். ஒரு ஹாரன். உடனே கண்ணைத் திறந்தார்.

"இன்னா, நிறுத்திட்டே?"

மறுபடி உட்கார்ந்து திட்டினேன். மறுபடி தூங்கினார். சாயங்காலம் வண்டி எடுக்க வேண்டும், இன்னும் நேரம் இருந்தது. எனக்கோ இடுப்பு கழன்றது, தொண்டை வறண்டது. இந்த வருஷத்துக் குற்றங்கள் முடிந்து, கல்யாணத்தில் அவர்கள் வீட்டார் செய்தது வரை போய், அதுவும் தீர்ந்தது. திட்ட ஒன்றும் மிச்சமில்லை. வாயை மூடவும் முடியாது. அப்போதுதான் இத்தனை நாள் அவரிடம் சொல்லாததைச் சொல்ல ஆரம்பித்தேன். விடியற்காலையில் அவர் செருப்புச் சத்தம் படியில் கேட்கும்வரை நான் பாயில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பதை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன் சாமி படத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வதை. அவர் இல்லாமல் எனக்கு ஒரு நாள்கூட ஓடாது என்பதை.

அத்தனையும் திட்டுகிற குரலிலேயே சொன்னேன். குரல் மாறினால் முழித்துக்கொள்வார்.