சவரியம்மாளும் இடது பின்சக்கரமும்

போன செவ்வாய்க்கிழமை காலை தங்கா பத்துவில் ஒரு வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே போன பெரியவருக்காகக் காத்திருந்தேன். ஜாசின் பக்கமிருந்து தேங்காய் ஏற்ற வந்த லாரி ஒன்று என்னருகே வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவர் எனக்குப் பழக்கமானவர். என்ஜினை அணைக்காமலே தலையை வெளியே நீட்டினார்.

"வேலுண்ணே, சவரியக்கா போயிட்டாங்க. நாலு நாளு காச்சல்தான். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அடக்கம் பண்ணிட்டாங்க."

எனக்குச் சொல்லியனுப்ப ஆள் கிடைக்கவில்லையாம். பெரியவர் வந்து ஏறினார். மலாக்கா டவுன் வரைக்கும் அவர் என்னவோ பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

ஜாசினில் சவரியக்காவைக் 'கார் கழுவுற அம்மா' என்றே பலருக்குத் தெரியும். கந்தையா முதலாளியின் வாடகைக் கார் கொட்டகையில் ஏழு வருடம் அவரோடு வேலை செய்தவன் நான். சவரியம்மாளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நியாலாஸ் கார் விஷயத்தை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பேய் ஓட்டினார் என்கிறார்கள், மந்திரம் தெரியும் என்கிறார்கள். அவருக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. டயரைப் பற்றித் தெரியும்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர் அவர். கொட்டகையில் கார் கழுவி வந்த அவருடைய கணவர் நெஞ்சு நோயால் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் திரும்பும்வரை வேலையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்கா வந்தார். கணவர் திரும்பவில்லை. அக்கா நின்றுவிட்டார். அப்போது கொட்டகையில் நாங்கள் ஓட்டுநர்கள் டயருக்கு மண்ணெண்ணெயும் பழைய என்ஜின் எண்ணெயும் கலந்து தேய்ப்போம். தேய்த்த உடனே கண்ணாடி மாதிரி மினுங்கும். செம்மண் ரோட்டில் இரண்டு மைல் போனால் அத்தனை புழுதியும் அதில்தான் அப்பியிருக்கும். அக்கா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பழைய டயரில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றில் எங்கள் எண்ணெயையும் மற்றதில் மருந்துக்கடைக் கிளிசரினைத் தண்ணீரில் கலக்கியும் பூசி, வேலிக்கம்பியில் மாட்டினார். ஒரு மாதம் கழித்து இரண்டையும் முதலாளி மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். எண்ணெய்த் துண்டு ஊதிப்போயிருந்தது. வளைத்தபோது வெடித்தது. கடையில் டப்பாவில் விற்ற கறுப்புச் சாயத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அது காய்ந்து செதில் செதிலாக உரிவதைக் காட்டினார். அன்றிலிருந்து கொட்டகையில் கிளிசரின்தான்.

பூசுவதற்கும் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் சோப்பும் தேங்காய் நார்ப் பிரஷும். பிறகு நிழலில் நன்றாக உலர வேண்டும். ஈரத்தின்மேல் பூசினால் திட்டுத்திட்டாய் வெளுக்கும் என்பார். கிளிசரினை டயரில் ஊற்றமாட்டார், துணியில் நனைத்து மெல்லியதாய் ஒரே ஒரு தடவை. ஒரு மணி நேரம் கழித்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்ப்பார். "துணியில ஒட்டிச்சுன்னா ரோட்டுல தூசியும் ஒட்டும், தொடைச்சிரு" என்பார். தரையில் உருளும் பக்கத்தில் ஒரு சொட்டுப் படக்கூடாது. ஒரு கல்யாணத்துக்காக நான் அந்தப் பக்கத்தையும் மினுக்கியிருந்தேன். சாம்பலும் சோப்புமாக அவரே கழுவினார். "இது ரோட்டப் புடிக்கிற எடம் வேலு. இதுக்கு அழகு வேணாம்" என்றார்.

நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் துரை சீமைக்குத் திரும்பிப் போனார். அவருடைய கறுப்பு நிறக் காரை முதலாளி வாங்கினார். நல்ல கார். நாலு டயரும் டப்பாச் சாயம் பூசிப் பளபளவென்று இருந்தன. அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து அந்தச் சாயத்தைச் சுரண்டியெடுத்தார். சாயந்தரம் நாலு மணிக்குக் கிளிசரின் பூசினார். ஐந்தரைக்குள் துணி வைத்துப் பார்த்து, கொட்டகையைப் பூட்டிச் சாவியை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனோம்.

மறுநாள் விடிந்து கொட்டகையைத் திறந்தபோது அக்கா எனக்கு முன்னால் போனார். இடது பின்சக்கரத்தின் முன்னால் நின்றுவிட்டார். டயரின் பக்கவாட்டில், தரையை ஒட்டிய இடத்தில், மினுக்கு அழிந்து சாம்பல் நிறமாக ஓர் அடையாளம். உள்ளங்கை, விரல்கள். மணிக்கட்டு தரைப்பக்கம், விரல்கள் மேல்பக்கம்.

"பூன ஏதாச்சும் உரசியிருக்கும்" என்றேன்.

"பூனைக்கு ஏதுப்பா அஞ்சு வெரலு."

கழுவி மறுபடி பூசினார். அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும். மற்ற மூன்று சக்கரத்திலும் ஒன்றுமில்லை. யாரோ முன்பு அந்த இடத்தில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருப்பார்கள், ரப்பர் அங்கே கெட்டிருக்கும், அதனால் மருந்து பிடிக்கவில்லை என்று அக்கா நினைத்தார். அப்படியென்றால் டயரில் அது எப்போதும் ஒரே இடத்தில்தானே இருக்க வேண்டும்? அடையாளத்துக்கு நேராக ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டார். "வண்டிய அரச் சுத்து முன்னால தள்ளு" என்றார். தள்ளினேன். கோடு மேலே போயிற்று.

காலையில் கோடு மேலேயே இருந்தது. கை கீழே இருந்தது, தரையை ஒட்டி, முன்பு இருந்த மாதிரியே. தரையில் கிடக்கும் ஒருவர் எட்டிப் பிடித்தால் எங்கே கை படுமோ அங்கே.

அன்று சாயந்தரம் சக்கரத்தைச் சுற்றி அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவினார். மறுநாள் சாம்பலில் ஒரு கோழிக்கால் தடம்கூட இல்லை. டயரில் கை இருந்தது. நான் வெளியே வந்து வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அக்கா உள்ளேயே இருந்தார். எட்டிப் பார்த்தபோது, குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, தன் கையை அந்த அடையாளத்தின்மேல் படாமல் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"பொம்பளக் கை" என்றார். "சுண்டு வெரலு பாதிதான் இருக்கு."

முதலாளியிடம் சொன்னோம். கந்தையா முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், எதற்கும் சத்தம் போடாதவர். "என்ன விசர்க் கதை இது? கிளிசரின் பழுதாயிருக்கும். வேற போத்தல் வாங்குங்கோ" என்றார். வேறு போத்தல் வாங்கினோம். டயரையே மாற்றினோம். புது டயரிலும் மூன்றாம் நாள் கை விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு குடும்பத்தை, அந்தத் துரை இருந்த நியாலாஸ் தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. மற்றக் கார்கள் வெளியே போயிருந்தன. அந்தக் காரைத்தான் எடுத்தேன். அக்கா தானும் வருகிறேன் என்று முன்னால் ஏறிக்கொண்டார். லயத்துக்குள் கார் நுழைந்ததும் குழாயடியில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். கடைசி வீட்டிலிருந்து ஒல்லியாக ஒருவர் வந்தார். பெயர் சின்னையா என்று பிறகு தெரிந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றி நடந்து, நேராக இடது பின்சக்கரத்துக்குப் போய்க் குந்தினார்.

"இந்தச் சக்கரத்தத்தான் மொதல்ல கழுவுனாங்க" என்றார்.

அக்கா இறங்கி வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒங்க வீட்டுல யாருக்காச்சும் சுண்டு வெரலு..."

"என் பொஞ்சாதி அஞ்சலைக்கி. பால்கத்தி பட்டுப் பாதி போயிருச்சு. ஒனக்கு யாரு சொன்னா?"

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

முந்தின வருடம் ஒரு விடியற்காலையில் அஞ்சலை, வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகும் வழியில் செத்துக் கிடந்தாளாம். குடித்துவிட்டு ரோட்டில் படுத்திருந்தாள், மாட்டுவண்டி ஏறிவிட்டது என்று ஆபீசில் எழுதிக்கொண்டார்கள். "என் பொஞ்சாதி கள்ள மோந்துகூடப் பாத்ததில்ல" என்றார் சின்னையா. அன்று காலையே துரையின் காரை ஆற்றங்கரையில் வைத்துக் கழுவியதை மரத்து மறைவில் நின்று அவர் பார்த்திருக்கிறார். மறுநாள் நாலு டயரும் புதுச் சாயத்தில் மினுங்கின. "கல்யாணத்துக்குப் போற வண்டி மாதிரி இருந்திச்சு" என்றார். தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் சொன்னபோது, இன்னொரு தடவை இந்தப் பேச்சு எடுத்தால் லயத்தைக் காலி பண்ண வேண்டியதுதான் என்றாராம். இரண்டு மாதத்தில் துரை கப்பலேறிவிட்டார்.

"இப்ப என்னண்ணே செய்யணும்ங்கிறீங்க?" என்று அக்கா கேட்டார்.

சின்னையா எழுந்து நின்றார். "துரைய யாரு புடிக்க முடியும். அவ குடிச்சிட்டுக் கெடந்தாள்னு எழுதுனாங்கல்ல, அத மட்டும் மாத்தச் சொல்லு."

திரும்பி வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னார் அக்கா. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப் போவதாகவும் சொன்னார். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"சவரியம்மா, நீர் இதை விடும். துரைமாரோட கொளுவிப்போட்டு இந்த ஊரில கார் ஓட்ட ஏலுமோ? தோட்டத்துக்குள்ள எங்கட கார் ஒண்டையும் விடமாட்டினம்."

"சரிங்க. நாளைக்கிக் காலையில நீங்களே வந்து கொட்டாயத் தெறங்க. பாத்துட்டு, போகாதன்னு சொல்லுங்க. நான் போகல."

மறுநாள் முதலாளி சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். முதல்நாள் சாயந்தரம் பூசிய டயர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு குனிந்தார். நாங்கள் வாசலிலேயே நின்றோம். உள்ளே மழைத்தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்து சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

"நானும் வாறன்" என்றார்.

ஸ்டேஷனில் கையடையாளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம் என்று அக்கா முன்பே சொல்லிவிட்டார். சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆற்றங்கரையில் கழுவியதைச் சின்னையா சொன்னார். முன்பு சுரண்டியெடுத்து டப்பாவில் போட்டுவைத்திருந்த சாயத்தை அக்கா ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். கார் கைமாறி வந்தபோது டயர்கள் இருந்த நிலையை முதலாளி இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாட்டுவண்டிக்காரரும் வந்து, அன்று தன் வண்டி தோட்டத்தின் மறுகோடியில் நின்றதாகச் சொன்னார். அதுவரை அவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதிகாரி எழுதத் தொடங்கும்போது அக்கா, "மொதல்ல அவ பேர எழுதச் சொல்லுங்க" என்றார். முதலாளி மொழிபெயர்த்தார்.

துரைமேல் ஒன்றும் நடக்கவில்லை. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. அவர் எங்கோ நன்றாகத்தான் இருப்பார். தோட்டம் எங்கள் கார்களை உள்ளே விடுவதை நிறுத்தியது. முதலாளி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஆனால் நாலு மாதம் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அஞ்சலை குடித்திருந்ததற்குச் சாட்சியில்லை, அவள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு வாகனம் மோதி இறந்தாள் என்று பதிவைத் திருத்தியிருந்தார்கள். யாருடைய வாகனம் என்று எழுதவில்லை.

அதுவரை கை தினமும் விழுந்துகொண்டுதான் இருந்தது. அக்கா அதைத் துடைத்துத் துடைத்துப் பூசிக்கொண்டுதான் இருந்தார். கடிதம் வந்த மறுநாள் விடிந்ததும் சின்னையாவைக் கொட்டகைக்கு வரச் சொன்னார். சின்னையா அந்த அடையாளத்தின்மேல் தன் கையை வைத்தார். கடிதத்தில் இருந்ததை, முதலாளி தமிழில் சொல்லிக்கொடுத்தபடி, மனப்பாடமாகச் சக்கரத்துக்குச் சொன்னார். கடைசியில், "எழுதியாச்சு அஞ்சலை" என்றார். கையை எடுத்தபோது அதன் ஈரத்தில் பாதி அடையாளம் அழிந்திருந்தது.

அடுத்த நாள் டயர் முழுதும் ஒரே சீராக மினுங்கியது. அதற்கடுத்த நாளும். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்கா மட்டும் அதன்முன் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "அவ கை இல்லாத மினுக்கப் பாத்தா, இப்பத்தான் கண்ணு கூசுது" என்றார்.

நான் அங்கிருந்து விலகி டவுனுக்கு வந்த பிறகு ஒரு தடவை அவரைப் பசாரில் பார்த்தேன். கருவாடு வாங்கிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், "அக்கா, ஒங்களுக்கு அப்ப பயமே இல்லியா" என்று கேட்டேன். கருவாட்டைக் கூடையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இல்லாம என்னப்பா. கதவத் தெறக்கும்போது தெனமும் காலு நடுங்கும். ஆனா அவ நமக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருப்பாளே. நாம லேட்டாப் போனா நல்லாவா இருக்கும்."

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பதில்தான். நடுங்குகிற காலோடு, நேரம் தவறாமல் போய்க் கதவைத் திறந்த ஒரு பெண்ணோடு ஏழு வருடம் வேலை செய்திருக்கிறேன்.