என் எண்ணுக்கே நான் போன் செய்த நாள்

ஆவடியில் வசிக்கும் நான், தொலைபேசி பில்லிங் பார்க்கும் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் பூந்தமல்லி ஓட்டலில் எங்களுக்குக் கருத்தரங்கு நடந்தது. வாடிக்கையாளரின் புகாரைப் பொறுமையாகக் கேட்பது எப்படி என்று காலை முழுக்கப் பாடம். மதியம் காஞ்சிபுரம் கோயில்களைப் பார்க்க வேனில் அழைத்துப் போனார்கள்.

அங்கிருந்து திரும்பக் கிளம்பும் நேரத்தில், போன் இருந்த கைப்பையைத் தோழி சுதாவிடம் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வந்தால் வேன் நகர்ந்துகொண்டிருந்தது. கையை ஆட்டிக்கொண்டே ஓடினேன். பின் கண்ணாடி வழியாக ஒருவர் என்னைப் படம் பிடித்தாரே தவிர, வேன் நிற்கவில்லை.

பூ விற்ற அம்மாவிடம் போன் கேட்டு வாங்கினேன். பதற்றத்தில் கணவர் எண்கூட நினைவுக்கு வரவில்லை. என் எண்ணுக்கே அடித்தேன். சுதா எடுத்தாள்.

"சுதா, நான்தான்..."

அவள் மேலாளரிடம் கத்துவது கேட்டது. "சார், அவதான்! வண்டிய நிறுத்தாதீங்க. நடந்தே வரட்டும், உடம்பாவது இளைக்கும்!"

வேன் முழுக்கச் சிரிப்பு. மேலாளரின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது.

பூக்கார அம்மாதான் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்துப் பூந்தமல்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் பையைத் தந்த சுதா, "தமாஷுக்குதான்டி. இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீற?" என்றாள்.

வீட்டார் எண்களை இப்போது மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் கழிப்பறைக்குப் போனாலும் கைப்பையோடுதான் போகிறேன். அதையும் சுதா எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாளாம். சிரிக்கட்டும்.