விரதத்தில் நின்ற மருந்து

"நேத்து காலையில கண்ணு முழிச்சதுலேருந்து சொல்லு பாப்போம்." எங்கள் டாக்டர் எந்தப் பிள்ளையிடமும் முதலில் இதைத்தான் கேட்பார். மருந்து சாப்பிட்டாயா என்று கேட்கவே மாட்டார். கேட்டால் அம்மாக்கள் முந்திக்கொண்டு தலையாட்டிவிடுவார்களாம். உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்கள் சிறுபிள்ளைகளுக்கு ஏன் வருகின்றன என்று கோலாலம்பூரில் ஆராய்ச்சி செய்தவர் அவர். அந்த ஆராய்ச்சிக் கிளினிக்கில் நான் நர்ஸ். உள்ளே அவர் நிதானமாகக் கதை கேட்டுக்கொண்டிருந்தால் வெளியே வரிசையில் இருப்பவர்கள் என்னைத்தானே திட்டுவார்கள்? எரிச்சல் எரிச்சலாக வரும்.

லூபஸ் என்ற அப்படியொரு நோயோடு கிள்ளானிலிருந்து ஒரு சிறுமி வந்துகொண்டிருந்தாள். அடங்கியிருந்த நோய், தைப்பூசம் நெருங்கும்போது திடீரென்று கிளம்பி மறுபடியும் சிறுநீரகத்தைப் பிடித்துக்கொண்டது. முகமும் காலும் வீங்கிவிட்டன. இன்னும் கடுமையான மருந்துக்கு மாற்றிவிடலாம் என்றார்கள் மற்ற டாக்டர்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். குளித்தது, சாமி கும்பிட்டது, பழம் சாப்பிட்டது எல்லாம் சொன்னாள். மருந்து மட்டும் வரவேயில்லை.

"பால்குடம் எடுக்கப் போறேன் டாக்டர். விரதம். அந்த கேப்சூல் கவர் மாட்டுல செய்யறதாம்லா. அம்மா வேணாம்னுட்டாங்க."

"வேண்டுதலே இவ கிட்னிக்குத்தான் டாக்டர்" என்று அம்மா அழ ஆரம்பித்தார்.

நான் வாயைத் திறந்திருந்தால் வசைதான் வந்திருக்கும். டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "கேப்சூல் எதுல செய்யறாங்கன்னு நாம ஒரு நாளாச்சும் சொன்னோமா? தப்பு நம்ம மேலதான்." அதே மருந்து உறையில்லாத மாத்திரையாகவும் கிடைத்தது. அதில் மாட்டுப் பொருள் எதுவும் இல்லையே என்று கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். "விரதத்தையும் விடாதீங்கம்மா, மருந்தையும் விடாதீங்க." பிறகு விரதமோ ரமலான் நோன்போ, எல்லாக் குடும்பத்திடமும் விசாரிப்பது எங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட மனுஷியோடு வேலை பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான். அந்த வருஷம் அந்தச் சிறுமியால் பால்குடம் எடுக்க முடியவில்லை. ஆனால் சிறுநீரகம் மெல்ல மெல்லத் தேறியது.

டாக்டர் காலமான பிறகு வந்த முதல் தைப்பூசத்தில் பத்துமலைப் படிகளில் அவளைப் பார்த்தேன். வளர்ந்த பெண். தலையில் பால்குடம், அதைப் பிடித்தபடி இரண்டு கைகளும். பாதிப் படியில் நின்று, "அம்மா, மருந்து நேரம்" என்றாள். பின்னால் கூட்டம் நெருக்கியது. அம்மா அவசரப்படாமல் கைப்பையைத் திறந்து மாத்திரையை எடுத்து மகள் வாயில் போட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் தண்ணீர் ஊற்றினார்.